அம்பாஸடருக்கு மூச்சு வாங்குதா? மூணே பி.எஸ்.ஐ. மேட்டர்தான்!

சனிக்கிழமை திருநள்ளாறு ரோட்டில் நின்னு பாருங்க. பளபள புது கார்களுக்கு நடுவே எப்பவாவது ஒரு அம்பாஸடர் தாத்தா உருண்டு வருவார். கொல்கத்தா பக்கத்து உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாஸடர் தயாரிப்பு 2014 மே மாதமே நின்னுபோச்சு. 2017-ல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கினது பிரான்சின் பெஜோ குழுமம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு, இதுவும் ஒரு விட்ட குறை தொட்ட குறை!

வீட்டு ஷெட்டில் இப்படி ஒரு தாத்தா தூங்கினா, இந்த டயலாக் உங்களுக்குப் பழக்கமா இருக்கும்: "ஸ்டார்ட் ஆகுது, கொஞ்ச தூரம் போனதும் திக்கித் திணறி நின்னுடுது." உடனே வர்ற தீர்ப்பு, "பம்ப் போச்சு!" பம்ப் மாத்தியும் சரியாகலைன்னா, "இன்ஜின் போச்சு!" அடுத்து பழைய இரும்புக் கடைதான். பல நேரம் குற்றவாளியே வேற ஆளுங்க!

மூணு பி.எஸ்.ஐ. ரகசியம்

கார் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. காத்து அடிக்கிறோம். 1489 சிசி பெட்ரோல் அம்பாஸடரின் கார்புரேட்டருக்குத் தேவையான பெட்ரோல் அழுத்தம், அதுல பத்தில் ஒரு பங்குதான். சுமார் 2 முதல் 3 பி.எஸ்.ஐ. இன்றைய இன்ஜெக்ஷன் கார்களில் இது 40-ஐத் தாண்டும்.

அந்த அழுத்தத்தைக் கொடுக்குறது யார்? 'கேம்ஷாஃப்ட்'னு சொன்னா மார்க் கட்! கேம்ஷாஃப்ட் தள்ளும் லீவர், டயாஃப்ரத்தைக் கீழே இழுக்கும். அப்போ டேங்க்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். அதை மேலே தள்ளி அனுப்புறது உள்ளே இருக்கிற ஸ்பிரிங். கார்புரேட்டர் நிறைஞ்சதும் நீடில் வால்வு மூடிக்கும், டயாஃப்ரம் அப்படியே கீழே நிக்கும், லீவர் சும்மா ஆடும். ஆக, அழுத்தத்தை முடிவு பண்றது ஸ்பிரிங்தான்.

பின்னாடியிருந்து ஆரம்பிங்க

டேங்க் டிக்கிப் பக்கம், பம்ப் இன்ஜின்ல. காசு செலவில்லாத சோதனைகளை முதல்ல முடிக்கணும்.

1. டேங்க் மூடி: காத்து உள்ளே போற வழி அடைச்சா, டேங்க்குள்ளே வெற்றிடம் உருவாகி பெட்ரோல் வராது. வண்டி திணறும்போது மூடியைத் திறங்க. 'உஸ்ஸ்'னு காத்து உள்ளே போய், வண்டி சரியானா கேஸ் முடிஞ்சுது!

2. ஃபில்டர்: ரொம்ப நாள் நின்ன வண்டியின் டேங்க்கில் துரு சேரும். நம்ம கடலோர ஈரக்காத்து அதுக்கு எண்ணெய் வார்க்கும். ஃபில்டரும் பம்ப் ஜாலியும் சுத்தமா இருக்கான்னு பாருங்க.

3. ரப்பர் ஹோஸ்: இளநீர் ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தா என்ன ஆகும்? காத்துதான் வரும், இளநீர் வராது. டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவே விரிசல் விட்டாலும் அதே கதை. இது உறிஞ்சுற பக்கம்கிறதால, இன்ஜின் ஓடும்போது ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகாம காத்தை மட்டும் உள்ளே இழுக்கலாம். அதனாலதான் கண்ணுல மாட்டாது.

4. பம்ப்: இப்பதான் இவர் டர்ன். பம்ப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே 'டி' ஜாயின்ட் போட்டு பிரஷர் கேஜ் மாட்டுங்க. அழுத்தம் குறைவா இருந்தா ஸ்பிரிங், டயாஃப்ரம், வால்வு மேல சந்தேகப்படலாம். இன்ஜினை நிறுத்தின உடனே முள் சடார்னு விழுந்தா வால்வு கசியுது. காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வைக்கிறதும் இந்தப் பார்ட்டிதான்.

5. டிப் ஸ்டிக்: இன்ஜின் ஆயில்ல பெட்ரோல் வாசனையா? டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கலாம். அப்படியே ஓட்டினா ஆயில் நீர்த்து, பேரிங் காலி. கடைசியில் நிஜமாவே இன்ஜின் போயிடும்!

அழுத்தம் சரியா இருந்தும் கார்புரேட்டரில் பெட்ரோல் வழியுதா? நீடில் வால்வு தேய்ஞ்சிருக்கலாம், மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். பாவம், பம்ப்பைத் திட்டாதீங்க.

ஈரத்துணி சயின்ஸ்

சித்திரை வெயில்ல வண்டி நின்னா, பழைய டிரைவர்கள் பம்ப் மேல ஈரத்துணி போடுவாங்க. சிரிக்காதீங்க, அது பக்கா தெர்மோடைனமிக்ஸ்! உறிஞ்சுற குழாயில் அழுத்தம் குறையுறதால பெட்ரோலின் கொதிநிலையும் குறையும். இன்ஜின் சூடும் சேர்ந்தா குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைச்சிடும். இதுதான் 'வேப்பர் லாக்'. துணித் தண்ணி ஆவியாகும்போது அந்தச் சூட்டை எடுத்துக்கிட்டுப் போயிடுது.

புது வில்லன்

தமிழ்நாட்டைவிட வரி குறைவுன்னு காரைக்காலுக்கு வந்து டேங்க்கை நிரப்புறவங்க நிறைய. ஆனா விலை எதுவானாலும், இப்போ வர்ற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பரை உப்ப வெச்சு இளக்கும், டேங்க்கில் படிஞ்ச பிசினைக் கரைச்சு ஃபில்டருக்கு அனுப்பும். அதனால ஹோஸ், டயாஃப்ரம் மாத்தும்போது எத்தனால் தாங்குற ரகமான்னு கேட்டு வாங்குங்க. மாசக்கணக்கா அதே பெட்ரோலோட வண்டியைத் தூங்க விடாதீங்க.

உஷார் பாஸ்!

பைப்பைக் கழற்றுற வேலை, இன்ஜின் ஆறின பிறகு, திறந்தவெளியில் மட்டும். முதல்ல பேட்டரி ஒயரைக் கழற்றுங்க. பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது, தீயணைப்பான் கட்டாயம். கேஜ் மாட்டி எல்லா ஜாயின்ட்டும் ஒழுகலைன்னு பார்த்த பிறகுதான் ஸ்டார்ட். முதல் தடவை அனுபவமுள்ள மெக்கானிக் அண்ணன் பக்கத்தில் இருக்கட்டும்.

அம்பாஸடரைப் பிரிச்சு மேய்ஞ்ச அந்த அண்ணன்களுக்கு வயசாகிட்டே போகுது. கேஜ் இல்லாம, காதாலேயே நோய் சொல்ற வித்தை அவங்க கையோட போயிடக் கூடாது. மினி புராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுற மெக்கானிக்கல் மக்களே, ஒரு கேஜை எடுத்துக்கிட்டு அவங்க ஒர்க்‌ஷாப்புக்குப் போங்க. அவங்க காது சொல்றதையும் கேஜ் முள் சொல்றதையும் ஒரே நோட்டில் எழுதுங்க. வைவாவில் எக்ஸ்டெர்னல் என்ன கேட்டாலும் கையில் ஆதாரம் இருக்கும்!