ஒன்றாம் வகுப்பைப் பார்க்காத பிள்ளைகள்

2021 நவம்பர் 1. தமிழகத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் தோரணம் கட்டி, இனிப்புக் கொடுத்துப் பிள்ளைகளை வரவேற்றார்கள். ஒன்றாம் வகுப்பு வாசலில் கேட்கிற அழுகை அன்று இரண்டாம் வகுப்பிலும் கேட்டது. அவர்களுக்கும் அதுதான் முதல் நாள். கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேரவேண்டியவர்கள். பதிவேட்டில் பெயர் ஏறியது, தேர்ச்சியும் ஆனார்கள். வகுப்பறையை மட்டும் பார்க்கவில்லை.

அந்த ஒன்றரை ஆண்டு அவர்களுக்கு எப்படிப் போனது? காலையில் கபசுரக் குடிநீர். முகம் சுளித்து விழுங்கிய கையோடு நாக்கில் ஒரு சிட்டிகை நாட்டுச்சர்க்கரை. தெருவில் யாருக்காவது தொற்று என்றால் அந்த வீட்டு வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள். அந்தப் பக்கம் விளையாடப் போகக்கூடாது.

படிப்பு செல்போனில். பல வீடுகளில் இருந்தது ஒரே போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். டீச்சர் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடம், ராத்திரிதான் வீடு வந்து சேரும். பத்தாம் வகுப்பு அக்கா இருந்தால் போன் முதலில் அவளுக்கு. சின்னவன் முறை வருவதற்குள் நெட் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் அவன் தூங்கியிருப்பான். 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது உண்மைதான். ஆனால், 'அ'வின் சுழியைத் தப்பாகப் போடும் பிள்ளையின் கையைப் பிடித்துத் திருத்த டி.வி.யால் முடியாதே!

சத்துணவு, அரிசியும் பருப்பும் முட்டையுமாக வீட்டுக்கு வந்தது. பள்ளியில் பிள்ளையின் தட்டிலேயே விழும் பங்கு, வேலையிழந்த வீட்டில் எல்லோருக்குமாகப் பிரிந்தது.

இந்த இழப்பை ஈடுகட்டத்தான் 2021 அக்டோபரில் மரக்காணத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. சாயங்காலங்களில் தெருத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் தன்னார்வலர்கள் பாடம் சொன்னார்கள். பாட்டும் கதையுமாகப் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டார்கள். 2022 ஜனவரியில் மூன்றாம் அலை வந்து பள்ளிகள் மறுபடி மூடின. பிப்ரவரியில்தான் திறந்தன. அதே ஆண்டு ஜூனில், எழுத்தும் எண்ணும் அடிப்படையிலிருந்து கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது, இந்தப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்குப் போயிருந்தார்கள்.

பொதுத்தேர்வு ரத்தானவர்களைப் பற்றி ஊரே பேசியது. இவர்களுக்கு ரத்தாவதற்கு ஒரு தேர்வும் இல்லை. அதனால் பேச்சும் இல்லை. 2025 ஜூனில் அவர்கள் ஆறாம் வகுப்பில் நுழைந்தார்கள். வாசிக்கத் திணறும் பிள்ளையிடம் "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்கும் முன், ஆசிரியர் அந்தப் பிள்ளையின் பிறந்த தேதியை ஒருமுறை பார்க்கட்டும். 2014, 2015 என்றிருந்தால், பாடத்தை அந்த விடுபட்ட வகுப்பிலிருந்து தொடங்குவதே நியாயம்.