சுண்ணாம்புக்குள் மறைந்த எழுத்து

மாமல்லபுரத்துக்குக் குழந்தைகளோடு போய் வந்திருப்பீர்கள். அங்கே தர்மராஜ ரதத்தில் பல்லவ மன்னரின் விருதுப் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சுமார் 1300 வருஷக் கடற்காற்றுக்கும் அவை அழியவில்லை. அந்த எழுத்தின் மேல் யாராவது சுண்ணாம்பைப் பூசிவிட்டால்? எழுத்து எங்கும் போய்விடாது. ஆனால் படிக்க முடியாது, இல்லையா?

சூலகத்தில் உண்டாகும் சில புற்றுநோய்க் கட்டிகளில் இதே கதைதான் நடக்கிறது. கருப்பைக்கு இருபுறமும் வாதுமைக் கொட்டை அளவில் இருப்பவை சூலகங்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்கள் அங்கே சுரக்கின்றன. அவை சொல்லும் சேதியைக் கேட்க உயிரணுவுக்குக் காது வேண்டாமா? ‘ஏற்பி’ என்பதுதான் அந்தக் காது. அதைச் செய்யும் விதம் ஜீனில் எழுதியிருக்கிறது.

மெதைல் என்று ஒரு ரசாயனத் துணுக்கு. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவே! அது அந்த ஜீனின் தொடக்கத்தில் வரிசையாக ஒட்டிக்கொள்கிறது. இதுதான் சுண்ணாம்பு! ஜீன் சிதையவில்லை, ஊமையாகிவிடுகிறது. காது இல்லாத கட்டி, ஹார்மோன் சிகிச்சைக்கு எப்படிச் செவி சாய்க்கும்? புரோஜெஸ்டிரோன் ஏற்பி உள்ள சில வகைக் கட்டிகளில் நோயாளிகள் அதிக காலம் வாழ்ந்ததாக 2013-ல் வெளியான பல நாட்டு ஆராய்ச்சி காட்டியது.

சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தால் என்ன? அப்படி வேலை செய்யும் அஸாசைட்டிடின் என்ற மருந்தை, சில ரத்த வியாதிகளுக்கு அமெரிக்கா 2004-ல் அனுமதித்தது. சூலகப் புற்றுநோயில் இம்முயற்சி இன்னும் பரிசோதனை அளவில்தான் இருக்கிறது.

ஆகவே, இன்று நம் கையில் இருப்பது விழிப்பு ஒன்றுதான். இந்த நோயும் ஊமை. நம் பெண்களும் வலியை வெளியே சொல்லாதவர்கள்! வயிறு உப்பும், நாலு கவளத்திலேயே நிறைந்துவிடும், அடிவயிறு வலிக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். “வாயுதான்” என்று கஷாயம் போட்டுக் குடித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவோம். இரண்டு மூன்று வாரம் இப்படி நீடித்தால் டாக்டரிடம் போங்கள். தாய்க்கோ சகோதரிக்கோ சூலகத்திலோ மார்பிலோ புற்றுநோய் வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கருப்பை வாய்க்குச் செய்யும் பாப் சோதனை சூலக நோயைக் காட்டாது என்பதும் நினைவிருக்கட்டும்.

செங்கற்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து கடலோரச் சாலையில் வடக்கே வந்தால் அடையாறு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. 1955-ல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும் வரை அதற்கே உழைத்தார்.

ஜீன் ஊமையாகலாம், சகோதரிகளே, நாம் ஊமையாகலாமா?