அரியலூர்ப் படிவுப் பாறைகளின் வகைப்பாடு

அரியலூர்ப் படிவுப் பாறைகள் என்பவை தமிழ்நாட்டின் அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வெளிப்பட்டுக் காணப்படும் கடற்படிவு அடுக்குகள் ஆகும். காவிரிப் படுகையின் ஒரு பகுதியான இவை பெரும்பாலும் கிரெத்தேசியக் காலத்தைச் சேர்ந்தவை. உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக இவை பிரிக்கப்படுகின்றன.

அடுக்கு எது, அடுக்கு போலத் தோன்றுவது எது

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையில் நடப்பவர்கள் மலைச்சரிவில் பாறை தகடு தகடாக உரிந்திருப்பதைக் காணலாம். மாணவர்கள் இதைப் படிவு அடுக்கு என்று எழுதுவதுண்டு, அது தவறு. அம்மலை ஆழத்தில் உருவான கடினமான படிகப் பாறையால் ஆனது. மேலிருந்த சுமை அரிப்பினால் நீங்கியதும் பாறை விரிந்து மேற்பரப்புக்கு இணையாகப் பிளக்கிறது. வெயிலும் மழையும் அத்தகடுகளை மேலும் கழற்றுகின்றன. மேல்தகடும் கீழ்த்தகடும் ஒரே பாறை. அவற்றுள் முந்தியது, பிந்தியது என்பது கிடையாது.

படிவு அடுக்கில் கீழுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது. அத்தகைய அடுக்குகளைக் காணத் திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ நேர் தெற்கே 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரியலூருக்குச் செல்ல வேண்டும். அங்கு அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்துள்ளன. ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே நடப்பவர், தரை சமமாகவே இருந்தாலும், பழைய அடுக்கிலிருந்து புதிய அடுக்குக்கு ஏறிக்கொண்டிருப்பார்.

பிளான்போர்டின் மூன்று பிரிவுகள்

1840களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் இப்பகுதியிலும் புதுச்சேரி அருகிலும் சேகரித்த சிப்பிகளை எட்வர்டு ஃபோர்ப்சு 1846-இல் ஆராய்ந்து வெளியிட்டார். நிலத்தில் நடந்து அடுக்குகளைப் பிரித்தவர் இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் என்றி பிரான்சிசு பிளான்போர்டு. பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவரும் இவரே. 1862-இல் வெளியான இவரது அறிக்கையின் மூன்று பிரிவுகளும் இன்றுவரை நிலைத்துள்ளன. அவை வெறும் நிறத்தையோ கல்லின் கடினத்தையோ கொண்டு பிரிக்கப்படாமல், படிவு இடையில் நின்றுபோன இடங்களைக் கொண்டு பிரிக்கப்பட்டதே அதற்குக் காரணம். கடல் பின்வாங்கி, பழைய அடுக்கு அரிக்கப்பட்டு, மீண்டும் கடல் வந்து புதிய படிவு அமைந்தால் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். கூழாங்கற்கள் நிறைந்த திரள்பாறை அதற்கு ஓர் அடையாளம்.

உத்தத்தூர்த் தொகுதியில் டால்மியாபுரம் சுண்ணாம்புக்கல்லும் காரை களிப்பாறையும் முக்கியமானவை. காரை கிராமத்தருகே மழைநீர் அறுத்த செம்பழுப்பு ஓடைப்பள்ளங்களில் ஜிப்சம் தகடுகளும் அம்மோனைட்டுகளும் கிடைக்கின்றன. திருச்சிராப்பள்ளித் தொகுதியில் மணற்கல்லும் திரள்பாறையும் மிகுதி. கருடமங்கலத்தின் சிப்பிச் சுண்ணாம்புக்கல் மெருகேற்றப்பட்டுத் 'திருச்சிப் பளிங்கு' என விற்கப்பட்டது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் கிடக்கும் கல்மரமும் இத்தொகுதியைச் சேர்ந்ததே.

அரியலூர்த் தொகுதி கீழிருந்து மேலாகச் சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என நான்கு உருவாக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது. இவற்றுக்கு மேலுள்ள நின்னியூர் அடுக்கு கிரெத்தேசியத்துக்குப் பிந்தைய பேலியோசீன் காலத்தது. அதாவது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த எல்லை இவ்வட்டாரத்தின் அடுக்குகளுக்கு இடையே விழுகிறது.

பாறைப் பெயரும் காலப் பெயரும்

கல்லங்குறிச்சி என்பது ஒரு பாறையின் பெயர். மாசுட்ரிக்டியன் என்பது ஒரு காலத்தின் பெயர். இரண்டையும் ஒன்றாகக் கொள்வது பொதுக் கட்டுரைகளில் அடிக்கடி காணும் பிழை. பாறை உருவாக்கத்துக்கு அது நன்றாகத் தெரியும் ஊரின் பெயரை இடுவது மரபு. காலத்தை அதிலுள்ள தொல்லுயிர் எச்சங்களே தருகின்றன. வேகமாக மாறி, பரவலாக வாழ்ந்து, விரைவில் அழிந்த அம்மோனைட்டு போன்ற உயிர்கள் இதற்கு ஏற்றவை. பிளான்போர்டின் சேகரிப்புகளை விவரித்த பெர்டினாண்டு சுடோலிச்காவின் நூல்கள் இன்றும் பார்க்கப்படுகின்றன.

கனடாவின் ஆர்க்டிக் பகுதியிலுள்ள சுவெர்ட்ரூப் படுகையிலும் இதே முறைதான். அங்கு அக்செல் ஐபெர்க் தீவில் காணப்படும் காங்குக் களிப்பாறை பிற்காலக் கிரெத்தேசியத்தைச் சேர்ந்தது. குளிர்கடல் அம்மோனைட்டுகள் பலவும் நம்முடையவற்றோடு பொருந்துவதில்லை. இனோசெராமசு என்னும் சிப்பியினம் இரு இடங்களிலும் இருப்பதால் ஒப்பிட உதவுகிறது.

சுரங்கமும் சான்றும்

ஓர் உருவாக்கத்தை வரையறுக்க அதன் அடிப்பகுதியும் மேற்பகுதியும் தெரியும் மாதிரி வெட்டுமுகம் தேவை. அரியலூர் வட்டாரம் தட்டையான நிலம் என்பதால் அத்தகைய வெட்டுமுகங்கள் பெரும்பாலும் சிமெண்டு ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலேயே உள்ளன. சுரங்கம் தோண்டாவிட்டால் கல்லங்குறிச்சியின் சிப்பி அடுக்குகளை இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்க முடியாது. தோண்டத் தோண்ட அதே வெட்டுமுகம் சிமெண்டாகப் போய்விடுவதும் உண்மை. கைவிடப்பட்ட குழிகளில் நீர் தேங்கி அடிப்பகுதி மறைகிறது. ஓர் ஆய்வாளர் விவரித்த எல்லையை மற்றொருவர் அதே இடத்தில் சரிபார்க்க முடியாமல் போனால், அந்த வகைப்பாடு நம்பிக்கையை மட்டுமே சார்ந்ததாகிவிடும்.

கல்லமேட்டில் இதற்கு ஒரு கசப்பான எடுத்துக்காட்டு உண்டு. 1987-இல் விவரிக்கப்பட்ட புருகத்காயோசாரசு என்னும் மாபெரும் டைனோசரின் எலும்புகள் பின்னர் சிதைந்து போயின. வரைபடங்களும் அளவுகளும் மட்டுமே எஞ்சியதால், அது எவ்வளவு பெரியது என்ற விவாதம் முடியவில்லை. இவ்வட்டாரத்தில் கிடைத்த எச்சங்களைக் காண விரும்புவோர் அரியலூர் அருகே வாரணவாசியிலுள்ள அரசு புதைபடிவ அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம்.