நீரின் மேல் ஓர் இருக்கை: உட்காருவதும் கற்க வேண்டிய கலையே

தண்டுவடக் காயத்திற்கோ பக்கவாதத்திற்கோ பிறகு எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் முதலில் கேட்கும் கேள்வி, “எப்போது நடப்பார்?” என்பதே. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களிலிருந்து, மரத்திலிருந்து தவறி விழுந்தவர்களும் சாலை விபத்தில் சிக்கியவர்களும் வருகின்றனர். அவர்களுக்கான முதற்பாடம் பிடிமானமின்றி உட்காருவது. “உட்காருவதற்கு இத்தனை நாளா?” என்று பலர் மனம் தளர்கின்றனர். முழு உடல்நலம் உள்ளவர்களும் பலமுறை விழுந்தே கற்றுக்கொள்ளும் உட்காரும் கலை ஒன்று உண்டு. அதை அறிந்தால் இந்தத் தளர்ச்சி நீங்கக்கூடும்.

படகின் பின்னே கயிற்றைப் பிடித்தபடி செல்லும் அமர்வு ஹைட்ரோஃபாயில் என்னும் நீர் விளையாட்டே அது. பலகை ஒன்றின் மேல் சிறிய இருக்கை இருக்கும். பலகைக்கு அடியில், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத் தண்டின் முனையில், விமானத்தின் இறக்கையைப் போன்ற உலோகச் சிறகு பொருத்தப்பட்டிருக்கும். வேகம் கூடியதும் சிறகு நீருக்குள்ளேயே இருக்க, பலகையும் அமர்ந்திருப்பவரும் நீர்ப்பரப்புக்கு மேலே எழுந்து மிதந்து செல்வர். இத்தாலியரான என்ரிக்கோ ஃபோர்லானினி 1906-இல் இத்தகைய சிறகு கொண்ட படகை மாஜோரே ஏரியில் ஓட்டிக் காட்டினார். தொலைபேசியால் புகழ்பெற்ற கிரகாம் பெல்லின் குழு உருவாக்கிய படகு, 1919-இல் மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டியது. பின்னாளில் அமெரிக்காவில் மைக் மர்ஃபியும் பாப் வூலியும் சிறகுடன் இருக்கையை இணைத்து ‘ஏர் சேர்’ என்ற கருவியை உருவாக்கினர்.

நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதனால் சிறிய சிறகே ஒரு மனிதரைத் தூக்கிவிடும். வேகம் இரு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். ஊசுடு ஏரியில் நாமக்கோழி நீர்ப்பரப்பின் மேல் ஓடி ஓடி வேகம் பெற்ற பிறகே மேலெழுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் வேகமே முதல் தேவை.

கற்பவர் முதலில் பறக்க முயல்வதில்லை. இடுப்புப் பட்டையை நீருக்குள் தாமே கழற்றப் பழகிய பின்னரே கயிற்றைப் பிடிக்கிறார். படகு இழுக்கத் தொடங்கியதும் உடலை முன்சாய்த்துப் பலகையை நீரோடு ஒட்டி வைத்திருப்பதே முதற்பாடம். அது கைவந்த பிறகு, உடலைச் சற்றே பின்னுக்குச் சாய்த்தால் பலகை எழும். முன்னுக்குச் சாய்த்தால் இறங்கும். பார்வை பலகையில் பதியாமல் தொலைவில் நிலைத்திருக்க வேண்டும். பதறிப் பெரிதாக அசைபவர் விழுவார். சிறுசிறு அசைவுகளால் திருத்திக்கொள்பவர் நிலைப்பார்.

படகோட்டியின் பங்கும் பெரியது. அவர் வேகத்தைத் திடீரென்று கூட்டினால் பலகை சட்டென எழுந்து கவிழும், குறைத்தால் அமிழும். சீராக இழுப்பதும், விழுந்தவரிடம் உடனே திரும்பி வருவதும் அவர் கடமை. எனினும், கற்பவருக்காக அவரால் சமநிலை கொள்ள இயலாது. பராமரிப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இதுவே.

கண்கள், உட்செவி, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள் ஆகியவை அனுப்பும் செய்திகளை இணைத்தே மூளை உடலை நிமிர்த்தி வைக்கிறது. காயத்தால் ஒரு வழி அடைபட்டால், எஞ்சிய வழிகளைக் கொண்டு மூளை புதிதாகக் கற்க வேண்டும். உடல் சற்றுச் சாய்ந்து, தானே மீண்டு நிமிரும் ஒவ்வொரு முறையும் அக்கல்வி நிகழ்கிறது. அன்பின் மிகுதியால் இடைவிடாமல் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தால் அவ்வாய்ப்பே கிடைப்பதில்லை.

மருத்துவர் உட்கார அனுமதித்த பிறகு, வீட்டில் இவ்வாறு பழகலாம்:

• மெத்தென்று அமிழாத கட்டிலின் விளிம்பில், இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படியுமாறு உட்கார வையுங்கள்.

• தளர்ந்த பக்கத்தில், சற்று முன்னால் நில்லுங்கள். கைகள் உடலுக்கு அருகே தயாராக இருக்கட்டும். தேவைப்படும்போது மட்டும் தாங்குங்கள்.

• எதிரே உள்ள பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். கைக்கெட்டும் தொலைவில் ஒரு தம்ளரை வைத்து எடுக்கச் செய்யுங்கள். பிறகு சிறிது சிறிதாகத் தள்ளி வையுங்கள்.

• பக்கவாதம் வந்த கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்காதீர்கள். தோள்மூட்டு விலகக்கூடும்.

• தலைசுற்றலோ கண் இருளலோ தோன்றினால் உடனே படுக்க வையுங்கள். நிமிர்ந்ததும் இரத்த அழுத்தம் குறைவது இதற்குப் பொதுவான காரணம். மீண்டும் மீண்டும் நேர்ந்தால் எங்களிடம் தெரிவியுங்கள்.

• உணர்ச்சியற்ற தோலில் புண் எளிதில் உண்டாகும். சக்கர நாற்காலியில் இருப்பவர் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை எடையை மாற்றி அமர வேண்டும். பிட்டத்தையும் முதுகையும் நாள்தோறும் பாருங்கள்.

உட்காரும் திறன் எவ்வளவு தொலைவு அழைத்துச் செல்லும் என்பதற்குப் பிராச்சி யாதவ் சான்று. கால்களில் குறைபாடு உள்ள இவர், போபால் ஏரியில் படகு வலித்துப் பயின்றார். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ பாராலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டியில் பங்கேற்ற முதல் இந்தியரானார். 2023-இல் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் தங்கமும் வென்றார்.

எல்லாருக்கும் இவ்விளையாட்டுகள் பொருந்தா. அண்மையில் முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்கள், எலும்பு வலுவிழந்தவர்கள் ஆகியோர் வேகமான நீர் விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும். சுண்ணாம்பாற்றில் படகில் உலா செல்வதானாலும் உயிர்காப்பு அங்கி கட்டாயம். ஊசுடு ஏரி 2008 முதல் பறவைகள் சரணாலயம்; அங்கே கரையிலிருந்து பார்ப்பதே முறை.

அடுத்த முறை வரும்போது, உங்கள் நோயாளி எத்தனை நிமிடம் பிடிமானமின்றி உட்கார்ந்தார் என்று குறித்து வாருங்கள். அரை நிமிடமாக இருந்தாலும் எழுதுங்கள். அடுத்த பயிற்சி என்ன என்பதை அந்த எண்ணைக் கொண்டே முடிவு செய்வோம்.