கதிரின் கோணல்

எங்கள் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் செல்கையில் பாலராமபுரம் வரும். பாலராமவர்மா மன்னர் காலத்தில் (1798–1810) தமிழ் வழங்கும் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய சாலியர் வளர்த்த கைத்தறி ஊர் அது.

அங்கே தார் சுற்றும் ராட்டையின் கதிர் சற்றே வளைந்திருந்தால் என்ன ஆகும்? சுற்றுக்கு ஒருமுறை நூல் இறுகித் தளரும். மெல்லிய நூல் அறும். சுற்றிய அளவுக்கே கூலி பெறுபவருக்கு, அறுந்ததை முடியும் நேரமெல்லாம் நட்டமே.

இக்கோணலை அளப்பது எளிது. கதிரை இரண்டு 'வி' வடிவத் தாங்கிகளில் கிடத்தி, டயல் கேஜின் முனை அதைத் தொடுமாறு வைத்து, ஒரு முழுச் சுற்றுச் சுழற்றுக. முள் 0.10 மி.மீ. முதல் 0.30 மி.மீ. வரை நகர்ந்தால் ஆட்டம் 0.20 மி.மீ. அச்சு விலகியதோ அதில் பாதிதான். ஒரு பக்கம் விலகிய அளவே அரைச் சுற்றில் மறுபக்கமும் விலகுகிறது அன்றோ?

கருவி இல்லையேல் சுண்ணக்கட்டி போதும். சுழலும் கதிரருகே அதை மெல்லக் கொண்டுசென்றால் புடைத்த பக்கத்தில் மட்டும் கோடு விழும். அப்பக்கத்தை மேலாக வைத்து மரச்சுத்தியால் மெல்லத் தட்டி, மீண்டும் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

குறிபார்த்துச் சுடும் போட்டிக்குத் தோட்டாவைத் தாமே அடைப்போரும் இவ்வாறே குண்டின் கோணலை அளக்கின்றனர். அங்கே, உறையின் கழுத்துத் தடிப்பை முதலிலேயே சீராக்குவது சிறந்த வழி.

ஆய்வுக்கூடத்து டயல் கேஜுடன் ஒருநாள் பாலராமபுரம் செல்ல மன்றத்து நண்பர்கள் முன்வந்தால், வழிகாட்ட நான் வருகிறேன்.