தானமும் நிபந்தனையும் – 9: கிழநாய்க்கு நாலு மடங்கு

மேரி டீல்பி அம்மையார் 1860-ல் லண்டனில் திறந்த நாய்ச் சத்திரத்தையும், நாய்களுக்குப் போய்ச் சந்தா வசூலா என்று பத்திரிகைகள் அவரைப் பரிகசித்ததையும் போன வாரம் எழுதியாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் நம் நாட்டுப் பிராணி நல வாரியத்தின் மானியங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அதற்கான காகிதங்களைத் திரட்டிக்கொண்டிருந்தபோது சான் பிரான்சிஸ்கோ நகரத்து நாய் ஒன்றின் வழக்கு அகப்பட்டது. அகப்பட்ட பிறகு அதைச் சொல்லாமல் மேலே செல்வது என்னால் ஆகிற காரியமாக இல்லை.

1979-ம் வருஷம் டிசம்பர் மாதம் அந்நகரில் ஒரு மாது காலமானார். அவர் எழுதி வைத்த உயிலில், தாம் வளர்த்த சிடோ என்ற நாயை வலி தெரியாதபடி கொன்றுவிட வேண்டும் என்று ஒரு ஷரத்து இருந்தது. இது துவேஷத்தால் எழுதியது அன்று. தமக்குப் பின் அந்த நாயை யாரும் தம்மைப்போல் பரிவாக வைத்துக்கொள்ள மாட்டார்கள், அது வீதியில் அலைந்து சீரழியும் என்ற அச்சத்தால் எழுதியது. அவர் இறந்ததும் சிடோ அந்நகரத்துப் பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தின் பராமரிப்புக்கு வந்து சேர்ந்தது. உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றவர் அதைத் திருப்பிக் கேட்டார். சங்கத்தின் தலைவர் ரிச்சர்ட் அவன்சினோ கொடுக்க முடியாது என்று மறுத்தார். விவகாரம் நியாயஸ்தலத்துக்குப் போயிற்று.

சட்டத்தின் கண்ணில் நாய் என்பது நாற்காலியைப்போல ஒரு சொத்து. தன் நாற்காலியை உடைத்து எரிக்கச் சொல்ல உடையவனுக்கு உரிமை உண்டென்றால், தன் நாயை முடித்துவிடச் சொல்ல ஏன் இல்லை என்பது ஒரு கட்சி. உயிரோடு இருக்கும்போது ஒருவர் தம் நாயைக் கொண்டுபோய் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்பது வேறு, உரியவர் போன பிறகு அவர் எழுதிய காகிதம் ஒரு ஜீவனைக் கொல்லும் ஆணையாக நிற்பது வேறு என்பது எதிர்க்கட்சி. அவன்சினோ மருந்தாளுநர் படிப்பும் வக்கீல் படிப்பும் படித்தவர். எந்த மருந்தால் சிடோ சாகும் என்பதும், எந்த வாதத்தால் பிழைக்கும் என்பதும் இரண்டுமே அவருக்குத் தெரியும். தேசமெங்கும் இருந்து நாய்க்காகப் பரிந்து கடிதங்கள் வந்து குவிந்தன. கடைசியில் கலிபோர்னியாவின் சட்டசபை இந்த ஒரு நாயின் பொருட்டே ஒரு மசோதாவை நிறைவேற்ற, கவர்னர் ஜெர்ரி பிரவுன் அதில் கையெழுத்திட்டார். 1980-ம் வருஷம் ஜூன் மாதம் 17-ந் தேதி நீதிமன்றமும் உயிலின் அந்த ஷரத்து செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் பின் சிடோ எங்கே போயிற்று என்று வாசகர் கேட்பார்கள். அவன்சினோவின் வீட்டுக்கே போயிற்று, அங்கே சில ஆண்டுகள் சௌக்கியமாக இருந்து வயோதிகத்தில் இறந்தது.

இந்தத் தொடரில் இதுவரை தானம் கொடுத்தவர்கள் விதித்த நிபந்தனைகளைத்தான் பார்த்து வந்திருக்கிறோம். ஒரு நிபந்தனையை உடைத்துப் பேர் வாங்கிய மனிதர் அகப்படுவது இதுவே முதல் தடவை. அந்த மனிதரே பிற்காலத்தில் பிராணிகளுக்கென்று அமெரிக்காவில் ஏற்பட்ட மிகப் பெரிய அறநிதிகளில் ஒன்றின் தலைவராக அமர்ந்து, பணம் வேண்டி வந்த ஒவ்வொருவருக்கும் நிபந்தனைமேல் நிபந்தனையாக விதித்தார் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம்.

அவர் 1976-ல் சங்கத்தின் பொறுப்பை ஏற்றபோது, அங்கே காற்றழுத்தத்தை இறக்கிப் பிராணிகளைக் கொல்லும் கூண்டு ஒன்று இருந்தது. வந்த சூட்டோடு அதை நிறுத்தினார். நகரசபைக்காக நாய் பிடித்துக் கொடுக்கும் ஒப்பந்தத்தையே விட்டுவிடுவதென்று 1984-ல் முடிவு செய்தார். நகரசபை 1989-ல் தனக்கென்று தனி இலாகா ஏற்படுத்திக்கொண்டது. 1994-ல் சங்கமும் அந்த இலாகாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன: வீட்டில் வைத்து வளர்க்கத் தகுந்த நாயோ பூனையோ, நகரத்தின் கொட்டடியில் இடமும் எடுப்பாரும் இல்லாமல் நின்றால், அதைச் சங்கம் ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும். இடப் பற்றாக்குறை என்ற ஒரே காரணத்துக்காக ஆரோக்கியமான பிராணியைக் கொல்லும் வழக்கம் அந்நகரில் அதோடு நின்றது.

இனிப் பணத்துக்கு வருகிறேன். டேவ் டஃபீல்ட் என்பவர் தம் வீட்டை அடமானம் வைத்து 1987-ல் பீப்பிள்சாஃப்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியைத் தொடங்கினார். வீட்டில் மேடி என்ற ஷ்னாசர் ஜாதிக் குட்டி நாய் ஒன்று இருந்தது. கையில் காசு இல்லாத அந்தக் காலத்தில் ஒருநாள் மேடியோடு விளையாடிக்கொண்டிருந்தபோது, எப்போதாவது பணம் சேர்ந்தால் அதை உனக்கும் உன் இனத்துக்குமே திருப்பித் தருவேன் என்று அந்த நாயிடம் அவர் வாக்குக் கொடுத்தாராம். மனிதர் மனிதருக்குக் கொடுத்த வாக்கே நிலைப்பது அரிதாக இருக்கும் உலகில், சாட்சியில்லாமல் ஒரு நாய்க்குக் கொடுத்த வாக்கை யார் வந்து கேட்கப்போகிறார்கள்? ஆயினும் மனிதர் மறக்கவில்லை. 1994-ல் அவரும் அவர் மனைவி ஷெரிலும் ஓர் அறக்கட்டளை நிறுவினார்கள். மேடி 1997-ல் இறந்தது. 1999-ல் அந்த ஸ்தாபனத்துக்கு மேடி நிதி என்று பெயர் மாற்றி, 20 கோடி டாலர் அதற்கென்று வாக்களித்து, அவன்சினோவை அழைத்துத் தலைவராக அமர்த்தினார்கள்.

அவன்சினோவின் முதல் நிபந்தனை, தனித்து வந்தால் பெரிய மானியம் இல்லை என்பது. ஓர் ஊரில் நகரசபைக் கொட்டடி, பழைய சங்கம், கொல்லாமை விரதம் பூண்ட புதிய சங்கம், வீட்டிலேயே நாய்களை வைத்துக் காப்பாற்றும் சிறு கூட்டங்கள், மிருக வைத்தியர்கள் என்று பலர் இருப்பார்கள். அவர்களுக்குள் இருக்கும் பகை, அண்ணன் தம்பி பங்காளிச் சண்டையைக்காட்டிலும் கடுமையானது. ஒருவரை ஒருவர் கொலைகாரர் என்றும் பகல்வேஷக்காரர் என்றும் திட்டிக்கொண்டவர்கள். அவர்கள் எல்லோரும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அவர். யூடாவிலும் நியூயார்க்கிலும் அப்படிப் போட்டார்கள். பணத்துக்காகத்தான் கூடினார்கள் என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. கூடியதால் இந்தக் கொட்டடியில் இடமில்லாத நாய் அடுத்த தெருவில் காலியாக இருந்த கூண்டுக்குப் போயிற்று, அது போதும்.

இரண்டாவது நிபந்தனை கணக்கு. வந்தது எத்தனை, வீடு போனது எத்தனை, கொன்றது எத்தனை என்று வருஷந்தோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். நம் கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் விட்டு, அவை சாவாமலும் மூவாமலும் எண்ணிக்கை என்றும் குறையாதபடி இடையன் ஈடுசெய்து நெய் அளக்க வேண்டும் என்று விதித்திருப்பதைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கே பிராணி முதல், இங்கே பிராணி பயனாளி, அவ்வளவுதான் வித்தியாசம். இந்தக் கணக்கை எல்லா ஊரும் ஒரே மாதிரி எழுதுவதற்காக 2004-ல் கலிபோர்னியாவின் அசிலோமார் என்ற கடற்கரை இடத்தில் பல ஸ்தாபனத்தார் கூடி, ஆரோக்கியமானவை, சிகிச்சையால் தேறக்கூடியவை அல்லது பராமரிக்கக்கூடியவை, தேறாதவை என்று வகை பிரித்தார்கள். இதிலே ஒரு பொத்தலும் உண்டு. தேறாதது என்று தீர்மானிப்பவர் யார்? ஊர் அவமானத்துக்கு அஞ்சுகிற நிர்வாகி, சிகிச்சைக்குப் பணமில்லாத நாயை மூன்றாவது பத்தியில் எழுதிவிட்டால், காகிதத்தில் கொலை குறைந்துவிடும். எந்தத் தர்மகர்த்தா எழுதும் கணக்கையும் நான் சந்தேகக் கண்ணோடு படிப்பவன்; இதையும் அப்படியே படிக்கிறேன்.

மூன்றாவது நிபந்தனை எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. மேடி நிதி சில நாட்களைக் குறித்து, அந்நாட்களில் நாயையோ பூனையையோ வளர்க்க எடுத்துச் செல்பவர்கள் காசு கொடுக்க வேண்டாம், கொடுத்தனுப்பிய காப்பகத்துக்கு நாங்கள் தருகிறோம் என்று அறிவித்தது. 2014-ல் நடந்த விழாவில் சாதாரணப் பிராணிக்கு 500 டாலர். 7 வயது தாண்டியதோ, நோய்க்குச் சிகிச்சை பெற்றதோ ஆனால் 1000 டாலர். வயதும் ஆகி நோயும் தீர்ந்ததானால் 2000 டாலர். சந்தையில் எவனும் திரும்பிப் பாராத கிழநாய்க்கு, துள்ளி விளையாடும் குட்டியைப்போல் நாலு மடங்கு! வாசலில் குட்டிகளை நிறுத்திக் கிழங்களைப் பின்கட்டில் ஒளித்து வைத்திருந்த காப்பகத்தார், இனி முகம் நரைத்ததையும் ஒரு கண் பூத்ததையும் குளிப்பாட்டிக் கழுத்தில் நாடா கட்டி முன்னே கொண்டுவந்து உட்கார வைக்காமல் என்ன செய்வார்கள்! ஜீவகாருண்யத்தைப் பற்றி ஒரு வார்த்தை உபதேசிக்காமல் விலைப்பட்டியலை மட்டும் தலைகீழாக்கிய இந்த யுக்தியைக் கண்டுபிடித்தவருக்கு யாராவது சிலை வைத்தால் நானும் சந்தா தருவேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1999-லிருந்து மூன்று ஆண்டுகளில் கலிபோர்னிய மிருக வைத்தியர்கள் இந்த நிதியைக் கொண்டு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தெருப்பூனைகளுக்குக் கருத்தடைச் சிகிச்சை செய்தார்கள். காப்பகத்தில் கூட்டமாக அடைபட்ட பிராணிகளுக்கு வரும் வியாதிகளைத் தனிச் சாஸ்திரமாகப் போதிக்க டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்துக்கு மானியம் போயிற்று; 2014-ல் அந்தச் சாஸ்திரம் மிருக வைத்தியத்தில் ஒரு தனித் துறையாகவே அங்கீகாரம் பெற்றது. சான் பிரான்சிஸ்கோவில் மேடியின் பெயரால் 1998-ல் திறந்த மாளிகையில் கம்பிக் கூண்டு இல்லை. கண்ணாடிச் சுவருக்குள் சோபாவும் டெலிவிஷனும் போட்ட அறைகளில் நாய்கள் இருந்தன. ஆடம்பரம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் கூண்டின் மூலையில் நடுங்கி நிற்கும் நாயைப் பார்ப்பவர் அதன் குணத்தை அறிவது எப்படி? சோபாவில் காலை நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்தால், நம் வீட்டில் எப்படி இருக்கும் என்பது உடனே தெரிந்துவிடும்.

முன்னே சொன்ன கலிபோர்னியத் தெருப்பூனைகளுக்குக் கருத்தடைச் சிகிச்சை முடிந்ததற்கு அடையாளமாகக் காது நுனியைச் சிறிது கத்தரித்துவிடுவார்கள். சென்னைத் தெருக்களில் காதில் வெட்டுள்ள நாய்களைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் அதே அடையாளம். சென்னையில் புளூ கிராஸ் என்ற பிராணி நலச் சங்கம் இந்தக் கருத்தடை வேலையை 1964-லேயே தொடங்கியது, மாநகராட்சி 1996-ல்தான் அந்த வழிக்கு வந்தது. ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சி, 1960-ம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம், 1962-ல் அவர் தலைமையில் பிறந்து நெடுங்காலம் சென்னையிலேயே இருந்து பின்னர் ஹரியானாவுக்குப் போய்விட்ட பிராணி நல வாரியம் ஆகிய எல்லாவற்றையும் அங்கிருந்துதான் பிடிக்க வேண்டும். ஆசிரியர் ஒதுக்கிய இடமோ நிரம்பிவிட்டது. வாரியம் கொட்டகைக்கு ஒன்று, ஆம்புலன்ஸுக்கு ஒன்று, கருத்தடைக்கு ஒன்று என்று மானியங்களைத் தனித்தனியே வகுத்து வைத்திருக்கிறது. அடுத்த வாரம் ஆம்புலன்ஸிலிருந்து தொடங்குகிறேன்.