சிக்னல் போனால் பணம் எங்கே?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் கணினி அறிவியல் படித்தவர்களுக்கு ஆறாம் செமஸ்டரில் ‘மொபைல் கம்ப்யூட்டிங்’ என்றொரு பாடம் இருந்தது. அதன் ஐந்தாவது யூனிட்டின் கடைசியில்தான் எம்-காமர்ஸ் எட்டிப்பார்க்கும்: அமைப்பு, சாதக பாதகங்கள், மொபைல் பேமென்ட், பாதுகாப்புச் சிக்கல்கள். அதற்குச் சற்று முன்னால் செயலி எழுத உதவும் நான்கு தளங்களின் பெயர்கள் வரும்: ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு, பிளாக்பெர்ரி, விண்டோஸ் போன். 2017இல் கல்லூரியில் சேர்ந்தவர்கள் இந்த யூனிட்டுக்கு வருவதற்குள் 2020 பிறந்துவிட்டது. அந்த ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் தன் கைபேசி விண்டோஸைக் கைகழுவியது. பிளாக்பெர்ரியின் பழைய போன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4 அன்று நின்றது. அரியர் வைத்தவர்கள் பாவம், செத்துப்போன இரண்டு தளங்களைப் படித்துப் பரீட்சை எழுதவேண்டியிருந்தது.

இதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். கல்லூரி கேன்டீனில் இந்தச் சிரிப்புக்கு என்றுமே பஞ்சம் இல்லை. ஆனால் காலாவதியானவை பெயர்கள்தான். அதே பாடத்தின் நான்காவது யூனிட்டில் டிசிபி பற்றி ஒரு பகுதி உண்டு. மாணவர்கள் சலிப்போடு மனப்பாடம் செய்யும் பகுதி. நாம் இன்று டீக்கடையில் போனை நீட்டிப் பணம் கட்டுவதன் சூட்சுமம் முழுக்க அங்கேதான் இருக்கிறது என்பேன்.

டிசிபி, கம்பிவழி இணையத்துக்காக உருவான விதிமுறை. அனுப்பிய தகவல் பொட்டலம் போய்ச் சேரவில்லை என்றால், பாதையில் நெரிசல் என்று அது முடிவுகட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கம்பியில் அது சரியான ஊகம். கம்பியில்லாத் தடத்திலோ பொட்டலம் தொலைவதற்கு நெரிசல்தான் காரணமாக இருக்கவேண்டும் என்றில்லை. பேருந்து ஒரு டவரின் எல்லையிலிருந்து அடுத்த டவருக்குத் தாவியிருக்கும், அல்லது நாம் லிஃப்டுக்குள் நுழைந்திருப்போம். அங்கே வேகத்தைக் குறைத்தால் நஷ்டம்தான்.

இதற்கு 1990களில் சொல்லப்பட்ட தீர்வுகளில் ஒன்று ஐ-டிசிபி. இணைப்பை டவர் பக்கத்தில் இரண்டாக வெட்டி, நடுவில் ஓர் இடையாளை வைப்பது. அனுப்பியவருக்கு அந்த இடையாளே ‘வந்து சேர்ந்தது’ என்று சொல்லிவிடுவார். போனுக்கு அது இன்னும் போயிருக்காது! இடையாள் நடுவில் படுத்துவிட்டால் அந்த ஒப்புதல் பொய்யாகிவிடும். 1995இல் வந்த ஸ்னூப் முறை இந்தப் பொய்யைத் தவிர்த்தது. டவரடியில் பொட்டலங்களுக்கு நகல் மட்டும் வைத்துக்கொள்ளும், தொலைந்தால் அங்கிருந்தே மறுபடி அனுப்பும். ‘வந்து சேர்ந்தது’ என்று சொல்லும் உரிமையைப் போனுக்கே விட்டுவிடும். அதைச் சகாக்களோடு பெர்க்லியில் உருவாக்கிய ஹரி பாலகிருஷ்ணன், 1993இல் சென்னை ஐஐடியில் பி.டெக். முடித்தவர், இப்போது எம்ஐடி பேராசிரியர், 2023இல் மார்க்கோனி பரிசு பெற்றவர். பதின்மூன்று மார்க்குக்காக ‘ஐ-டிசிபி, ஸ்னூப், மொபைல் டிசிபி ஒப்பிடுக’ என்று உருப்போடும் பையனிடம் இதை யாராவது சொல்லலாம்.

பொட்டலம் என்ற இடத்தில் பணத்தை வைத்துப் பாருங்கள். வந்து சேர்ந்தது என்று யார் சொன்னால் நம்புவது? மொபைல் வணிகம் என்ற துறை முழுவதும் இந்தக் கேள்வியைத்தான் கால் நூற்றாண்டாகச் சுற்றிவருகிறது.

1990களின் இறுதியில் ஐரோப்பாவில் போனில் இணையம் பார்க்க வேப் என்ற முறை வந்தது. நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா போன்ற பெரிய கைகள் சேர்ந்து செய்தது. போனிலிருந்து வரும் மறையாக்கப்பட்ட தகவலை நடுவிலிருந்த கேட்வே பிரித்து, வேறு மறையாக்கத்தில் போட்டு இணையத்துக்கு அனுப்பும். அந்தக் கண நேரம் தகவல் அங்கே திறந்து கிடக்கும். வங்கிக்கு இது எப்படிப் பிடிக்கும்? போதாக்குறைக்கு ஊர்ந்துபோகும் இணைப்பு, நிமிடக் கணக்கில் கட்டணம். அதே சமயம் ஜப்பானில் என்டிடி டோகோமோ 1999 பிப்ரவரியில் ஐ-மோடைத் தொடங்கியது. இதிலும் வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட்தான். ஆனால் இணைப்பு எப்போதும் உயிரோடு இருக்கும். பக்கம் எழுதுவது எளிது. வாடிக்கையாளர் வாங்கியதற்கான காசை டோகோமோவே போன் பில்லில் வசூலித்து, 9 சதவீதம் எடுத்துக்கொண்டு, மீதியைச் சேவை தருபவருக்குக் கொடுத்துவிடும். இடையாள் அங்கேயும் உண்டு. அவருடைய பங்கு எல்லோருக்கும் கட்டுபடியாகிற பங்கு. பொறியியல் மாணவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தருவதில்லை, எம்பிஏ மாணவருக்கு டிசிபியைச் சொல்லித்தருவதில்லை.

கென்யாவின் எம்-பெசா இன்னும் எளிமையாக வந்தது. 2007 மார்ச்சில் தொடங்கிய அந்தச் சேவைக்கு இணையமே தேவைப்படவில்லை. சிம் கார்டில் ஒரு மெனு, எஸ்எம்எஸ் வசதி, அவ்வளவுதான். கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் அமைப்பிலிருந்து குறுஞ்செய்தி வரும். அது வராமல் முகவர் காசை எடுத்துக் கொடுக்கமாட்டார்.

நம்முடைய யுபிஐ 2016 ஏப்ரலில் 21 வங்கிகளோடு அறிமுகமானது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. வேப் செய்த தவறை இதில் தவிர்த்திருக்கிறார்கள். நாம் எந்தச் செயலியைத் திறந்தாலும் பின் எண் தட்டும் திரை மட்டும் தேசியப் பேமென்ட்ஸ் கழகத்துடையது. அங்கேயே அது மறையாக்கப்பட்டுவிடும். நடுவில் இருக்கும் செயலிக்கு நம் பின் தெரியாது.

ஆனால் சிக்னல் போகும் பிரச்சினையை யுபிஐயாலும் ஒழிக்கமுடியாது. திண்டிவனம் பஸ் நிலையக் கடையில் ஒருவர் 40 ரூபாய் கட்டுகிறார் என்று வையுங்கள். கட்டளை அவர் செயலியிலிருந்து அதன் வங்கிக்கும், அங்கிருந்து கழகத்துக்கும் போகிறது. கழகம் அவர் கணக்கு இருக்கும் வங்கியிடம் கழிக்கச் சொல்கிறது, கடைக்காரரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்கிறது. பிறகு பதில் வந்த வழியே திரும்பவேண்டும். இதில் எங்கே அறுந்தாலும் திரையில் சக்கரம் சுற்றும். கழிந்ததா இல்லையா என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாது, சில சமயம் கழகத்துக்கே தெரியாது. மறுபடி அனுப்பினால் 80 ரூபாய் போகலாம், அனுப்பாவிட்டால் கடைக்காரர் விடமாட்டார்.

இது நிரல் எழுதத் தெரியாததால் வரும் குறை அல்ல. தொலையக்கூடிய தடத்தில் செய்தி அனுப்பி இரண்டு பேர் முழு உறுதியான உடன்பாட்டுக்கு வரவே முடியாது என்பது 1970களிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு தளபதிகள் புதிர் என்பார்கள். என் தூதுவன் வந்து சேர்ந்தானா என்று எனக்குத் தெரியவேண்டும். எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்குத் தெரியவேண்டும். இது முடிவதே இல்லை. கணிதம் கைவிட்ட இடத்தில் சட்டம் வந்து நிற்கிறது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, யுபிஐயில் அனுப்பியவர் கணக்கில் கழிந்து பெறுபவருக்கு வரவு ஆகாவிட்டால் மறுநாளுக்குள் பணம் தானாகத் திரும்பவேண்டும். கடைக்குக் கட்டியதென்றால் ஐந்து நாள் கெடு. தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

கடைக்காரர்களோ தங்கள் பங்குக்கு ஒரு விடை கண்டுபிடித்துவிட்டார்கள். வாடிக்கையாளர் நீட்டும் பச்சை டிக்கை அவர்கள் நம்புவதில்லை. போலித் திரை காட்டும் செயலிகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பணம் வந்துவிட்டது என்று கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி தமிழில் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அந்தப் பெட்டிக்குள் தனியாக ஒரு சிம் இருக்கிறது. வாடிக்கையாளரின் போனைத் தொடாத வேறொரு தடத்தில் வரும் ஒப்புதல் அது. ஸ்னூப்பைப் படிக்காமலேயே அதன் நியாயத்தைப் புரிந்துகொண்டவர்கள்.

இப்போது ஆய்வகத்துக்கு வருவோம். அதே செமஸ்டரின் மொபைல் செயலி லேபில் என்ன செய்யச் சொன்னார்கள்? வட்டமும் சதுரமும் வரைவது, எஸ்டி கார்டில் எழுதுவது, குறுஞ்செய்தி வந்தால் எச்சரிக்கை தருவது. இதில் கடைசிப் பயிற்சியைச் செய்யும் செயலியைப் பிளே ஸ்டோரில் ஏற்றுவதே கஷ்டம். குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதியை 2019 முதல் கூகுள் இறுக்கிவிட்டது. ரெக்கார்டு நோட்டு நிறையும். இணைப்பு பாதியில் அறுந்தால் என்ன செய்வது என்று ஒரு பயிற்சிகூட இல்லை. எனக்கு உண்மையாகவே கோபம் வருவது பிளாக்பெர்ரி பெயரைப் பார்த்து அல்ல, இதைப் பார்த்துத்தான். செலவும் ஆகாது. ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் நெட்வொர்க்கை ஜிஎஸ்எம், எட்ஜ் அளவுக்குக் குறைத்துப் பார்க்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. ‘செலுத்து’ பட்டனைத் தட்டிய கையோடு ஏரோப்ளேன் மோடுக்குப் போ, செயலியை மூடித் திற, பணம் ஒரே ஒரு தடவை போயிருக்கிறதா என்று காட்டு. வைவாவுக்கு இந்த ஒரு பயிற்சி போதும்.

அதே ஆறாம் செமஸ்டரில் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் என்ற பாடமும் இருந்தது. கணினிகள் உடன்பாட்டுக்கு வருவது எப்படி என்று அதில் ஒரு யூனிட்டே உண்டு. ஒரு பீரியடில் உடன்பாடு, இன்னொரு பீரியடில் மொபைல் பேமென்ட். இரண்டும் ஒரே கேள்வி என்று சொல்ல அட்டவணையில் இடம் இல்லை. 2021 ரெகுலேஷனில் கணினி அறிவியலுக்கு டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங் கட்டாயமாகத் தொடர்கிறது. மொபைல் கம்ப்யூட்டிங் கட்டாயப் பட்டியலிலிருந்து போய்விட்டது, செயலி உருவாக்கம் விருப்பப் பாடமாக இருக்கிறது. ஐந்தாவது யூனிட் போனதில் எனக்கு வருத்தமில்லை. நான்காவது போனதில் உண்டு.

பேமென்ட் நிறுவனங்களில் வேலைக்குப் போகிறவர்களிடம் நேர்முகத்தில் தவறாமல் வரும் ஒரு கேள்வி: வாடிக்கையாளர் பட்டனை இரண்டு முறை தட்டினால் என்ன செய்வீர்கள்? முதல் தட்டிலேயே பட்டனை முடக்கிவிடுவேன் என்பார்கள் பலர். அது பாதி விடை. செயலி செத்து எழுந்தால் பட்டன் மறுபடி உயிர்பெற்றுவிடும். ஒவ்வொரு கட்டளைக்கும் போனிலேயே ஓர் எண் இட்டு, எத்தனை தடவை மறுபடி அனுப்பினாலும் அதே எண்ணோடு அனுப்பவேண்டும். சர்வர் அந்த எண்ணை ஞாபகம் வைத்திருந்து, இரண்டாம் தடவை வந்தால் பணத்தைத் தொடாமல் முதல் பதிலையே திருப்பித் தரவேண்டும். அடுத்த கேள்வி உடனே வரும்: அந்த எண்ணை எவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருப்பீர்கள்?